எமரால்டையும் ரூபியையும் அடிக்காமல் விட்டால் கேம் முடிந்த கணக்கா?

கேள்வி கேட்டவர் ஃபைனல் ஃபேன்டஸி 7 என்ற ஜப்பானிய வீடியோ கேமை முதல் முறையாக நின்டெண்டோ ஸ்விட்சில் ஆடிக்கொண்டிருக்கிறார். வடக்குப் பள்ளத்துக்குள் இறங்கினால் கதை முடிந்துவிடும் என்கிற இடம் வரைக்கும் வந்துவிட்டார். வேலைக்குப் போகிறவர், இரவில் ஒரு மணி நேரம்தான் கையில் இருக்கிறது. அவருடைய நண்பர், “எமரால்ட் வெப்பனையும் ரூபி வெப்பனையும் அடிக்கவில்லை என்றால் நீ கேமை முடித்ததாகவே சொல்லிக்கொள்ளாதே” என்று சொல்லிவிட்டாராம். இரண்டும் கதைக்கு வெளியே நிற்கும் ராட்சத எதிரிகள். அந்த இரண்டுக்கும் நேரம் செலவழிப்பது பிரயோஜனமா, ஜெயித்துக் கிடைக்கிற பரிசை வைத்துக்கொண்டு அப்புறம் யாரை அடிப்பது, கைடு பார்த்து ஜெயித்தால் அது வெற்றியில் சேருமா என்று மூன்றாகப் பிரித்துக் கேட்டிருக்கிறார். எனக்கு இது இரண்டு கேள்வியாகத்தான் படுகிறது. இதை விட்டுவிட்டுப் போனால் எதையாவது இழக்கிறேனா என்பது ஒன்று. என்னிடம் இருக்கிற கொஞ்ச நேரத்துக்கு இது தகுமா என்பது இன்னொன்று. இரண்டுக்கும் விடை வேறு வேறு.

நான் எங்கிருந்து பேசுகிறேன் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன். கேம்களில் சண்டைப் பகுதிக்குக் கணக்குப் போட்டுக் கொடுப்பது என் தொழில். எதிரிக்கு எவ்வளவு எச்.பி. (உயிர்ப் புள்ளிகள்), எந்தக் கட்டத்தில் எந்த அடி, ஆடுகிறவர் எத்தனை தவறு வரைக்கும் செய்யலாம் என்பதையெல்லாம் எண்ணாக எழுதி, ஆடிப் பார்த்து, திருத்துகிற வேலை. பல வருடங்களாக அதுதான் செய்கிறேன். வேலைக்கு வெளியே நான் அதிகம் ஆடியது ஜப்பானிய ஆர்.பி.ஜி.கள் (பாத்திரங்களை வளர்த்துக்கொண்டே கதையை நடத்திப் போகும் கேம்கள்), அதிலும் முறை வைத்து அடித்துக்கொள்கிற வகை. விரல் வேகம் முக்கியமான ஆக்‌ஷன் ஆர்.பி.ஜி.களைப் பற்றி நான் சொல்வதைக் கொஞ்சம் தள்ளி வைத்தே படியுங்கள். இங்கே நான் சொல்வதில் சில, யார் வேண்டுமானாலும் கேமைத் திறந்து சரிபார்க்கக்கூடிய விஷயங்கள். சில என் தொழில் அனுபவத்திலிருந்து வரும் அபிப்பிராயங்கள். எது எது என்று அங்கங்கே சொல்லிவிடுகிறேன்.

சூப்பர்பாஸ் என்றால் என்ன என்று தெரியாமல் இதைப் படிக்கிறவர்களும் இருக்கலாம். கதையை முடிக்கத் தேவையே இல்லாத, ஆனால் கதையின் கடைசி எதிரியைவிடப் பலமடங்கு கடினமான எதிரிக்குத்தான் அந்தப் பெயர். 1987-ல் வந்த முதல் ஃபைனல் ஃபேன்டஸியிலேயே வார்மெக் என்று ஓர் இயந்திரம் எப்போதாவது எதிர்ப்பட்டு, அந்தக் கட்டத்தின் பெரிய எதிரியான பாஸைவிட மோசமாக அடித்துப் போடும். அது தற்செயலாக மாட்டுகிற எதிரி. ‘இஷ்டம் இருந்தால் வந்து பார்’ என்று ஓரமாக நிற்கிற பாஸ், ஒழுங்கான வடிவத்தில் 1992-ல் வருகிறது. ஃபைனல் ஃபேன்டஸி 5-ல் ஒமேகாவும் ஷின்ரியூவும். அதே வருடம் டிராகன் குவெஸ்ட் 5-ல் கதை முடிந்த பிறகு திறக்கும் குகையில் எஸ்டார்க். இன்றைக்கு ஓர் ஆர்.பி.ஜி.யில் சூப்பர்பாஸ் இல்லை என்றால்தான் ஆடுகிறவர்கள் ஆச்சரியப்படுகிறார்கள்.

முதல் கேள்விக்குத் தயக்கமே இல்லாமல் பதில் சொல்லலாம். உங்கள் நண்பர் சொன்னது தவறு. ஃபைனல் ஃபேன்டஸி 7 ஜப்பானில் 1997 ஜனவரியில் வந்தபோது அதில் எமரால்டும் இல்லை, ரூபியும் இல்லை. அந்த வருடம் செப்டம்பரில் வட அமெரிக்காவுக்குப் போன பதிப்பில்தான் இரண்டையும் சேர்த்தார்கள். அதன் பிறகு ‘இன்டர்நேஷனல்’ என்ற பெயரில் ஜப்பானுக்கும் அந்தப் பதிப்பு போனது. ஜனவரியில் வாங்கி ஆடி, கதையின் கடைசி எதிரியான செஃபிரோத்தை வென்று, முடிவைப் பார்த்த ஜப்பானியர்கள் யாரும் கேமை முடிக்காதவர்கள் ஆகிவிட மாட்டார்கள். அவர்கள் ஆடியதுதான் எழுதப்பட்ட கதை, முழுசாக. கிங்டம் ஹார்ட்ஸ் என்ற இன்னொரு கேமிலும் இதே கதைதான். 2002-ல் முதலில் ஜப்பானில் வந்த பதிப்பில் இல்லாத செஃபிரோத் சண்டை, அமெரிக்கப் பதிப்பில் கூடுதலாக வந்து சேர்ந்தது. இந்தப் பழக்கத்துக்குக் காரணம் என்ன என்று கேட்டால், என் தொழில்காரன் பார்வையில் இப்படிச் சொல்வேன்: சண்டை இயந்திரம் தயார், உலகம் தயார், ஓர் உருவமும் சில அடிகளும் ஓர் எண் பட்டியலும் சேர்த்தால், ஏற்கனவே வந்த கேமை இரண்டாவது முறை விற்க ஒரு புதுக் காரணம் கிடைக்கிறது. இது என் ஊகம்தான், ஆனால் வலுவான ஊகம். எப்படியானாலும், பின்னால் ஒட்டவைத்த ஒன்றை அடிக்காததால் கதையில் ஓட்டை விழாது.

ஆனால் பின்னால் ஒட்டியது என்பதால் மட்டமானது என்று ஆகிவிடாது. இங்கேதான் நான் உங்கள் நண்பரின் பக்கம் கொஞ்சம் சாய்கிறேன். கதையில் வரும் பாஸுக்கு எண் போடும்போது எங்களுக்கு ஒரு பெரிய கட்டுப்பாடு உண்டு: அந்த இடத்தில் யாரும் மாட்டிக்கொண்டு நின்றுவிடக் கூடாது. கதவுக்கு அந்தப் பக்கம் மீதிக் கதை இருக்கிறது, காசு கொடுத்து வாங்கியவர் அதைப் பார்த்தாக வேண்டும். அதனால் கேமின் அமைப்பில் பாதியைக்கூடப் புரிந்துகொள்ளாதவர், மெட்டீரியாவை (ஆயுதத்திலும் கவசத்திலும் மாட்டினால் மந்திரமும் திறனும் தரும் கற்கள்) ஏனோதானோ என்று மாட்டியிருப்பவர், ஜெயிக்கிற மாதிரிதான் எண்களை வைக்க வேண்டியிருக்கிறது. விளைவு என்ன? ஒரு குழு வருடக்கணக்கில் உட்கார்ந்து மெட்டீரியாக்கள் ஒன்றோடொன்று சேர்ந்து என்னென்ன செய்யும் என்று ஆயிரம் சேர்க்கைகளை அமைத்திருக்கும். கதையை மட்டும் ஆடுகிறவருக்கு அதில் பெரும்பகுதி தேவையே படாது. ‘இவருக்கு எல்லாம் தெரியும்’ என்று நம்பி, அதற்கேற்ப எண் வைக்க எங்களுக்குக் கிடைக்கும் ஒரே இடம் சூப்பர்பாஸ். அது ஒரு தேர்வுத் தாள் மாதிரி. எழுத வேண்டும் என்று கட்டாயம் இல்லை. ஆனால் மொத்தப் பாடத்திலிருந்தும் கேள்வி வருகிற தாள் அது ஒன்றுதான்.

எமரால்டையே எடுத்துக்கொள்ளுங்கள். அதற்கு எச்.பி. 10 லட்சம். கதையின் கடைசியில் வரும் செஃபிரோத் வடிவத்தின் அடிப்படை எச்.பி. 80,000. இந்த இரண்டு எண்ணையும் பார்த்தால் ‘லெவலை ஏற்றிக்கொண்டே போக வேண்டும் போல’ என்றுதான் தோன்றும். ஆனால் அந்தச் சண்டையின் உயிர் எச்.பி.யில் இல்லை. எமரால்டிடம் ஏர் டாம் ஸ்டார்ம் என்று ஓர் அடி இருக்கிறது. அது உங்கள் கவசத்தையும் பார்க்காது, லெவலையும் பார்க்காது. ஒவ்வொருவரும் எத்தனை மெட்டீரியா மாட்டியிருக்கிறார் என்று எண்ணி, ஒன்றுக்கு 1,111 வீதம் அடிக்கும். எட்டு மாட்டியவருக்கு 8,888. ஒன்பது மாட்டியவருக்கு 9,999. இந்தக் கேமில் ஒருவர் எட்டக்கூடிய உச்ச எச்.பி.யே 9,999 என்பதை நினைவில் வைத்துக்கொண்டு அந்த எண்ணைத் திரும்பப் பாருங்கள். ஒன்பதாவது மெட்டீரியாவை மாட்டிய நொடியில், எவ்வளவு வளர்ந்த ஆளாக இருந்தாலும் சாவு நிச்சயம். முப்பது நாற்பது மணி நேரம் முழுக்க ‘இன்னும் மாட்டு, இன்னும் மாட்டு’ என்று பழக்கிய கேம், இந்த ஒரு சண்டையில் வந்து, ‘உனக்கு உண்மையிலேயே எது தேவை, எட்டைச் சொல்’ என்று கேட்கிறது. 20 நிமிடக் கடிகாரம் வேறு ஓடுகிறது. கடிகாரத்தை நிறுத்த அண்டர்வாட்டர் மெட்டீரியா உண்டு. ஆனால் அதை மாட்டினால் அதுவும் அந்த எட்டில் ஒன்றாகக் கணக்கில் வந்துவிடும். இந்தக் கணக்கைப் போட்டவர் யார் என்று எனக்குத் தெரியாது, ஆனால் என் தொழிலில் நான் மதிக்கிற வேலைகளில் இது ஒன்று. உங்களைத் தடுக்கிற சுவரை, நீங்களே பெருமையாகச் சேர்த்து வைத்த பொருள்களை வைத்தே கட்டியிருக்கிறார்.

ரூபி இன்னொரு விதம். கோல்ட் சாசரைச் சுற்றியுள்ள பாலைவனத்தில் நிற்கும், எச்.பி. 8 லட்சம். மூன்று பேராகப் போனால் மணல்சுழியில் ஒருவரை இழுத்துத் தூக்கி எறியும். போனவர் அந்தச் சண்டைக்குத் திரும்ப மாட்டார். அப்புறம் இன்னொருவர். கடைசியில் ஒருவர் மட்டும் நிற்கும்போது அதன் நடத்தை மாறுகிறது: இரண்டு கைகளையும் மணலுக்குள் செருகிக்கொண்டு சண்டையைத் தொடர்கிறது. அதன் பிறகு மணல்சுழி வராது. இதைக் கவனித்தவருக்கு ஒரு விபரீத யோசனை பிறக்கும். முதலிலேயே இரண்டு பேரை விழவைத்துவிட்டு, தனி ஆளாக உள்ளே போய், கைகள் மண்ணுக்குள் இறங்கிய பிறகு அந்த இருவரையும் எழுப்பினால் என்ன? அதுதான் விடை. கேமில் யாரும் இதைச் சொல்லித்தருவதில்லை, ஆனால் ஒரு தோல்வியை உட்கார்ந்து பார்த்தவர் தானாகக் கண்டுபிடிக்கக் கூடியது. நல்ல சூப்பர்பாஸுக்கு நான் வைத்திருக்கும் அளவுகோல் இதுதான். தோற்றுப்போன சண்டை எனக்கு ஏதாவது சொன்னதா? ‘இன்னும் பத்து லெவல் ஏறி வா’ என்பதைத் தவிர வேறு ஏதாவது?

சரி, பரிசு. ஜெயித்த பிறகு கிடைக்கும் ஆயுதத்தை வைத்து அடிக்க ஆளே இல்லையே என்று கேட்டிருக்கிறீர்கள். நியாயமான கேள்வி. ரூபி விஷயத்தில் இது இன்னும் விசித்திரம். ரூபியை வென்றால் கிடைக்கும் டெசர்ட் ரோஸைக் கால்ம் ஊரில் இருக்கும் பயணியிடம் கொடுத்தால் தங்கச் சொக்கோபோ என்ற, ஏறிப் போகும் பறவை கிடைக்கும். அந்தத் தங்கச் சொக்கோபோ இருந்தால்தான் நைட்ஸ் ஆஃப் தி ரவுண்ட் என்ற பலமான அழைப்பு மெட்டீரியா இருக்கிற தீவுக்குப் போக முடியும். பெரும்பாலானவர்கள் ரூபியை அடிப்பதே அந்த நைட்ஸை வைத்துத்தான். அதாவது ஜெயிக்கத் தேவைப்பட்ட பொருளையே ஜெயித்த பிறகு பரிசாகத் தருகிறார்கள். எமரால்டின் பரிசான எர்த் ஹார்ப்பைக் கொடுத்தால், ஒரு வகையின் திறன்கள் எல்லாம் ஒன்றிலேயே அடங்கிய மாஸ்டர் மெட்டீரியாக்கள் கிடைக்கும். அவற்றால் சோதித்துப் பார்க்கத் தகுந்த எதிரி அநேகமாக மிச்சம் இருக்க மாட்டார்.

இந்தப் பரிசுகளை நான் ஒரு பொருட்டாகவே எடுத்துக்கொள்வதில்லை. ஃபைனல் ஃபேன்டஸி 5-ஐச் செய்தவர்களுக்கு இது அப்போதே புரிந்திருந்தது என்று நினைக்கிறேன். ஒமேகாவை வென்றால் ஒரு பதக்கம் தருவார்கள். அதை மாட்ட முடியாது, விற்றுப் பணக்காரர் ஆக முடியாது, எந்தக் கதவையும் அது திறக்காது. பையில் கிடக்கும், அவ்வளவுதான். எனக்குத் தெரிந்து மிக நேர்மையான பரிசு அது. ஏனென்றால் ஒமேகாவிடம் போகிறவர் எதற்காகப் போகிறார்? அந்தக் கேமில் பாத்திரங்களின் தொழில்களை மாற்றி மாற்றிக் கற்றுக்கொண்டு, ஒரு தொழிலின் திறனை இன்னொன்றின் மேல் ஏற்றலாம். மின்னலுக்கு ஒமேகா பலவீனம் என்று கண்டுபிடித்து, வாளில் மின்னலை ஏற்றி, வேட்டைக்காரரிடம் கற்ற நான்கு அடி வித்தையோடு சேர்த்து வீசும்போது, இதுவரை தனித்தனியாகக் கிடந்த இரண்டு அறிவு ஒன்றாகப் பொருந்துகிற ஓர் இன்பம் இருக்கிறது. அல்லது பாணர் பாடும் ஒரு காதல் பாட்டைக் கேட்டு அந்த ராட்சத இயந்திரம் அப்படியே உறைந்து நிற்பதைப் பார்க்கலாம். ஷின்ரியூ ஒரு சாதாரணப் பெட்டிக்குள் ஒளிந்திருக்கும். திறந்ததும் பேரலையால் மொத்தப் பேரையும் அடித்துப் போடும். தண்ணீரை உறிஞ்சும் பவள மோதிரத்தைப் போட்டுக்கொண்டு போனால் அதே அலை உங்களைக் குணப்படுத்தும். இதெல்லாம் தெரிந்துகொண்டதுதான் கிடைத்த லாபம். ஃபோர் ஜாப் ஃபியஸ்டா என்று வருடந்தோறும் நடக்கும் நிகழ்வில், சீட்டுப் போட்டு வந்த நான்கே தொழில்களை வைத்துக்கொண்டு இந்தக் கேமை முடிக்கிறார்கள். இத்தனை வருடம் கழித்தும் அதில் ஒமேகாவையும் ஷின்ரியூவையும் வீழ்த்துவது தனிக் கௌரவம். ஒன்றுக்கும் உதவாத பதக்கத்துக்காக யாரும் அதைச் செய்வதில்லை.

எல்லா சூப்பர்பாஸும் இப்படி இருந்திருந்தால் நான் கண்ணை மூடிக்கொண்டு ‘போய் அடியுங்கள்’ என்று சொல்லியிருப்பேன். அப்படி இல்லை. ஃபைனல் ஃபேன்டஸி 12-ல் யியாஸ்மாட் என்ற டிராகனுக்கு எச்.பி. 5 கோடிக்கும் மேல். 2006-ல் வந்த முதல் பதிப்பில் சாதாரண அடி ஒன்றின் உச்சம் 9,999. வகுத்துப் பாருங்கள், எல்லா அடியும் உச்சத்தில் விழுந்தாலும் 5,000-க்கும் மேல் அடிக்க வேண்டும். எமரால்டுக்கு இதே கணக்கில் 101 அடி போதும். யியாஸ்மாட்டைச் செய்தவர்களுக்கும் இது ஒரே மூச்சில் முடியாது என்று தெரிந்திருக்கிறது, அதனால்தான் பாதியில் வெளியேறி, சேமித்துவிட்டு, திரும்பி வந்து தொடரலாம் என்று வழி வைத்திருக்கிறார்கள். அந்தக் கேமில் ‘இப்படி ஆனால் இதைச் செய்’ என்று ஆட்களுக்கு முன்கூட்டியே கட்டளை எழுதி வைக்கும் கேம்பிட் முறை இருக்கிறது. மிக அருமையான முறை. யியாஸ்மாட்டுக்கு ஏற்ற கட்டளைகளை எழுதுவது அழகான சவால். ஆனால் எழுதியது சரியா என்று முதல் அரை மணி நேரத்திலேயே தெரிந்துவிடும். அதற்கு அப்புறம் உள்ள மணி நேரங்கள் எதையும் சோதிப்பதில்லை. எச்.பி.யை மட்டும் ஏற்றுவது எங்கள் தொழிலில் மிகச் சுலபமான காரியம். ஒரு எண்ணுக்குப் பின்னால் இரண்டு பூஜ்யம் போட்டால் போதும். அதற்காக ஆடுகிறவர் கொடுக்கும் விலைதான் அதிகம். பின்னால் வந்த பதிப்புகளில் அந்த 9,999 வரம்பை எடுத்தார்கள், வேகமாக ஓட்டும் வசதியும் வந்தது. அந்தச் சண்டை சகிக்கத்தக்கதானது அதற்கப்புறம்தான் என்பது என் அபிப்பிராயம்.

இந்த விஷயத்தில் எல்லை மீறிய சம்பவமும் உண்டு. ஃபைனல் ஃபேன்டஸி 11 ஆன்லைனில் கூட்டமாக ஆடும் கேம். 2008 ஆகஸ்டில் ஒரு குழு அதில் பாண்டிமோனியம் வார்டன் என்ற எதிரியோடு 18 மணி நேரத்துக்கும் மேல் தொடர்ந்து மோதி, சிலருக்கு வாந்தியும் மயக்கமும் வந்த பிறகு கைவிட்டது. செய்தி வெளியே வந்ததும் கேமைச் செய்தவர்கள் அந்தச் சண்டையை மாற்றியமைத்து நேர வரம்பு கொண்டுவந்தார்கள். தனியாக ஆடுகிற கேமில் இவ்வளவு தூரம் போகாது. ஆனாலும் இரவு ஒரு மணி நேரமே உள்ளவர், அந்த ஒரு மணியை மூன்றாக இழுத்துக்கொண்டு மறுநாள் வேலையில் தூங்கி வழிவது என்பது இதே நோயின் சின்ன வடிவம்தான். அதற்குத் தகுந்த பாஸ் எந்தக் கேமிலும் கிடையாது.

இன்னொரு வகைத் தவறை ஃபைனல் ஃபேன்டஸி 10-ல் பார்க்கலாம். ஜப்பானிய இன்டர்நேஷனல் பதிப்பிலும் ஐரோப்பியப் பதிப்பிலும் அப்புறம் வந்த எச்.டி. ரீமாஸ்டரிலும், டார்க் ஏயான்கள் என்ற ராட்சத எதிரிகள் பழைய ஊர்களின் வாசலில் வந்து நிற்கின்றன. கதை நாயகனின் சிறந்த ஆயுதத்துக்கு வேண்டிய ஒரு பொருளை உரிய நேரத்தில் எடுக்காமல் விட்டவர், அதற்காகத் திரும்பிப் போனால் சானார்கண்டில் டார்க் பஹாமுட் வழிமறிக்கும். பெயருக்கு இஷ்டப்பட்டால் ஆடுகிற சண்டை, நடைமுறையில் கட்டாயம். இஷ்டம் என்று சொல்லிவிட்டு வழியை அடைப்பது சரியில்லை, இதில் எனக்குச் சந்தேகமே கிடையாது.

எனக்குச் சந்தேகம் உள்ள வகையும் ஒன்று இருக்கிறது. பெர்சோனா 3-ல் எலிசபெத் என்ற சூப்பர்பாஸோடு தனியாக மோத வேண்டும். நெருப்பு, பனி, மின்னல் என்று ஒவ்வொரு முறையும் ஒரு தன்மையுள்ள அடியாக அடிப்பார். கேம் முழுக்கக் கற்றுக்கொண்ட பாடம், எதிரியின் அடி பலிக்காத மாதிரி பாதுகாப்பு வைத்துக்கொள்வது. அதை அவரிடம் செய்தால் 9,999 புள்ளி சேதம் தரும் மெகிடோலாவன் வந்து அந்த இடத்திலேயே கதையை முடித்துவிடும். டிஜிட்டல் டெவில் சாகாவில் டெமி-ஃபியண்டும் அப்படித்தான், அடிகளைச் செல்லாமல் ஆக்கும் திறன்களோடு போனால் ஆரம்பத்திலேயே துடைத்துவிடுவான். எமரால்டும் பழக்கத்தைத்தான் தண்டிக்கிறது என்று நீங்கள் கேட்கலாம். எனக்குத் தெரியும் வித்தியாசம், எமரால்டின் அடியில் ஒரு கணக்கு இருக்கிறது, இவற்றில் இருப்பது ஒரு தடை உத்தரவு. ஆனால் என்னோடு வேலை செய்தவர்களில் நான் மதிக்கிற சிலர், அந்தத் தடைதான் அந்தச் சண்டைகளை மறக்க முடியாதபடி செய்கிறது என்கிறார்கள். இதை ருசி சார்ந்த விஷயமாக விட்டுவிடுகிறேன்.

சண்டையைத் தாண்டி, ஒரு சூப்பர்பாஸ் கதைக்கும் ஏதாவது தருகிறதா என்பதையும் பார்க்கலாம். இந்த விஷயத்தில் எமரால்டும் ரூபியும் ஏழைகள். அவற்றுக்கென்று பேச்சு இல்லை, காட்சி இல்லை. 2018-ல் வந்த டெல்டாரூன் முதல் அத்தியாயத்தில் ஜெவில் என்ற பாத்திரத்தைப் பாருங்கள். உடைந்த சாவியின் மூன்று துண்டுகளைத் தேடி எடுத்து, ஒட்டவைத்துத் திறந்தால், சிறைக்குள் இருக்கும் அவன், தான் மட்டும்தான் வெளியே இருப்பதாகவும் மற்ற எல்லோரும் உள்ளே இருப்பதாகவும் சொல்கிறான். அவனைப் பார்க்காமல் விட்டவருக்குக் கதை புரியும், ஆனால் அந்த உலகத்துக்கு அடியில் இன்னொன்று இருக்கிறது என்ற உறுத்தல் கிடைக்காது. எல்டன் ரிங்கில் மலேனியாவும் கட்டாயமில்லாத பாஸ்தான், அந்த உலகத்தின் வரலாற்றிலோ நடுநாயகமானவள். உங்களைத் தொடும் ஒவ்வொரு அடியிலும் தன் உயிரை ஏற்றிக்கொள்வாள். 2022-ல் தலையில் ஒரு ஜாடியைக் கவிழ்த்துக்கொண்டு, முன்பின் தெரியாதவர்கள் அழைத்தபோதெல்லாம் போய் அவளைத் தனியாகவே வென்று கொடுத்த ஓர் ஆட்டக்காரர் உலகப் புகழ் பெற்றார், கேம் நிறுவனமே அவருக்கு ஒரு வாளைப் பரிசாக அனுப்பியது. கட்டாயமில்லாத ஒரு சண்டை, அறிமுகமே இல்லாதவர்களை ஒருவருக்கொருவர் உதவ வைத்ததை எந்தக் கணக்கில் எழுதுவது என்று எனக்குத் தெரியவில்லை. எழுதாமல் விட மனமும் வரவில்லை.

இனி உங்கள் நிலைமைக்கு வருகிறேன். பலரும் சொல்ல மறக்கிற ஒரு விலை இருக்கிறது: சூப்பர்பாஸுக்குத் தயாரான ஆள், கதையின் கடைசிச் சண்டையைக் கெடுத்துக்கொள்வார். ஃபைனல் ஃபேன்டஸி 7-ஐச் செய்தவர்கள் இதை யோசித்திருக்கிறார்கள், 99-ம் லெவலை எட்டிய ஆட்களின் எண்ணிக்கையைப் பார்த்து செஃபிரோத்தின் எச்.பி. கூடும். இருந்தாலும் எமரால்டை வீழ்த்திய குழுவுக்கு அவன் ஒரு பொருட்டே இல்லை. 2025-ல் வந்த கிளேர் ஆப்ஸ்கியூர்: எக்ஸ்பெடிஷன் 33-லும் இதையே பார்த்தேன். மூன்றாம் பகுதியில் உலகம் முழுக்கத் திறந்துவிடுகிறது. அதன் சூப்பர்பாஸான சைமனை வெல்லும் அளவுக்கு ஏறிய பிறகு கதையின் முடிவுக்குப் போனால், மனசை உலுக்க வேண்டிய சண்டை சில அடிகளில் முடிந்துபோகிறது. அதனால் நீங்கள் இப்போது நிற்கும் இடத்திலிருந்து பள்ளத்துக்குள் நேராக இறங்குங்கள். வெளியே ஒரு சேமிப்பைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் இந்தக் கேமில் முடிவைப் பார்த்த பிறகு தொடர்ந்து ஆட வழியில்லை, பழைய சேமிப்பிலிருந்துதான் திரும்ப வர வேண்டும். செஃபிரோத்தை, இன்றைக்கு உங்களிடம் இருக்கும் பலத்தோடு, கொஞ்சம் பயத்தோடு சந்தியுங்கள். அந்தப் பயம்தான் அந்தக் கதைக்குப் பொருத்தமானது.

முடிவைப் பார்த்த பிறகு ஒரு வாரம் போகட்டும். அப்போதும் மெட்டீரியாவை எப்படி இணைக்கலாம் என்று பஸ்ஸில் போகும்போது மனசு தானாக ஓடினால், நீங்கள் வெப்பன்களுக்கு ஏற்ற ஆள். கதையும் அதன் நாயகன் கிளவுடும் மட்டும்தான் நினைவில் நிற்கிறது என்றால், அடுத்த கேமை எடுங்கள், எதையும் இழக்கவில்லை. போவதென்று முடிவெடுத்தால், லெவல் ஏற்றுவதற்கு இரவுகளைச் செலவழிக்காதீர்கள். முதலில் இப்போது இருக்கிற நிலையிலேயே போய்த் தோற்றுப் பாருங்கள். இரண்டாவது தோல்வியில் முதல் தோல்வியைவிட ஏதாவது புதிதாகத் தெரிந்துகொண்டீர்களா என்று கவனியுங்கள். தெரிந்தால் தொடரலாம், வெறும் எரிச்சல் மட்டும் மிஞ்சினால் அங்கேயே நிறுத்தலாம். நீங்கள் ஆடும் பதிப்பில் மூன்று மடங்கு வேகத்தில் ஓட்டும் வசதி இருக்கிறது. சொக்கோபோ வளர்ப்பு, மெட்டீரியா வளர்ப்பு மாதிரி அலுப்பான வேலைகளுக்கு அதைத் தாராளமாகப் பயன்படுத்துங்கள். எச்.பி.யை நிரப்பிக்கொண்டே இருக்கும் வசதியும் அதில் உண்டு. சண்டையின்போது அதைத் தொடாமல் இருப்பது நல்லது, தேர்வின் கேள்வியையே அது அழித்துவிடுகிறது.

கைடைப் பற்றிக் கேட்டீர்கள். கைடு பார்ப்பதில் எனக்கு ஒரு குறையும் தெரியவில்லை, ஆனால் எதைப் பார்ப்பது என்பதில் வித்தியாசம் உண்டு. எதிரி என்ன செய்யும் என்பதைப் படித்துக்கொள்வது ஒன்று: ஒரு மெட்டீரியாவுக்கு 1,111, மணல்சுழி, 20 நிமிடம். இந்த மாதிரித் தகவல்கள் 1997-லும் பத்திரிகை வழியாகவும் நண்பர்கள் வழியாகவும்தான் பரவின. இன்ன ஆளுக்கு இன்ன ஆயுதம், இன்ன துளையில் இன்ன மெட்டீரியா, முதல் முறை இந்தப் பொத்தான், இரண்டாம் முறை அந்தப் பொத்தான் என்று முழு விடையையும் இறக்கிக்கொள்வது இன்னொன்று. வேலைக்குப் போகிறவருக்கு முதல் வகை நேரத்தை மிச்சப்படுத்தும். இரண்டாவது வகை, எதற்காகப் போகிறோமோ அதையே எடுத்துவிடும். நைட்ஸ் ஆஃப் தி ரவுண்ட் இல்லாமல் முடியாது என்று எங்கேயாவது படித்தால் நம்பாதீர்கள். அது ஓர் அழைப்புக்கு 13 அடி, அடிக்கு 9,999 விழுந்தால் எட்டு அழைப்பில் எமரால்டின் 10 லட்சம் தீர்ந்துவிடும், அதனால்தான் எல்லோரும் அதையே சொல்கிறார்கள். லிமிட் பிரேக் என்ற உச்ச அடிகளையும், முந்தைய செயலைத் திரும்பச் செய்யும் மைமையும் வைத்தே முடித்தவர்கள் நிறையப் பேர்.

இரண்டில் ஒன்றுக்குத்தான் நேரம் என்றால் எமரால்டைத் தேர்ந்தெடுங்கள். ரூபி, கதையில் வரும் அல்டிமேட் வெப்பனை வீழ்த்திய பிறகுதான் தலைகாட்டும், அதன் மேல் அடிகள் சரியாக இறங்காது, விடை தெரிந்த பிறகும் இழுத்தடிக்கும். எமரால்ட் கடலுக்கடியில் உங்கள் நீர்மூழ்கிக்கு அருகிலேயே உலாவிக்கொண்டிருக்கிறது. போவதற்கு முன்னால் ஒவ்வொருவரிடமும் எட்டு மெட்டீரியாவை மட்டும் விட்டுவிட்டு மீதியைக் கழற்றுங்கள். எந்த எட்டு என்பதை நீங்களே முடிவு செய்யுங்கள், அதற்கு மட்டும் கைடைத் திறக்காதீர்கள்.